காஸிமிர் கல்யாணத்துக்கு ஒரு கண்ட்ரோல் பேனல்

சுப்பீரியர், விஸ்கான்சின்
ஆகஸ்ட் 6

அன்புள்ள ரெனி,

வரி விஷயமாக ஏதாவது இருந்தால் மட்டும் எழுது என்று போன வருஷம் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனாய். இது வரி இல்லை. ஆனாலும் கடைசிவரை படி. நீ ஏரி நடுவில் இருக்கும்போது போனில் சிக்னல் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது நாம் இரண்டு பேரும் கத்துகிறோம். அதனால் கடிதம்.

முதல் சேதி, எனக்கு இப்போது புருவம் இல்லை. கராஜில் பியர் காய்ச்சும்போது கேஸ் அடுப்பு சட்டென்று சீறியது. புருவமும் முன்னந்தலை முடியும் போயிற்று, கூரைப் பலகை கருகிப்போயிற்று. பக்கத்து வீட்டு டால்பெர்க் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஓரின், உங்க கராஜ்லருந்து புகை வருது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிட்டேன். அவங்க வர்றதுக்குள்ள ஒரு காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். வண்டியில் வந்தவன் நம் ரூடி. "இனிமே இந்த கராஜ்ல தீக்குச்சி கிழிச்சாக்கூட நானே உன்னைத் தூக்கி ஏரியில போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டான்.

இரண்டாவது சேதி, உன் அண்ணன் காஸிமிர் கல்யாணம் செய்துகொள்கிறான். பேக்கரி லோர்னாவை. அக்டோபர் நடுவில், சர்ச் ஹாலில். அவன் இந்த வயதில் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "மாப்ள, கல்யாணத்துக்கு உன் பியர்தான். கடையில வாங்கினா நான் மோதிரம் மாத்தவே மாட்டேன்" என்கிறான். நானும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

தீ கூடாது என்றால் மின்சாரம்தான். அண்டாவுக்குள் ஹீட்டர், அதை ஆட்டிவைக்க ஒரு கண்ட்ரோல் பேனல். எங்கள் பியர் கிளப்பில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். பெட்டி வாங்கிவிட்டேன். கப்பலுக்கே எலெக்ட்ரிசியன் நீ, உன்னிடம் ஒரே ஒரு கேள்வி: எவ்வளவு தடிமன் ஒயர் போடவேண்டும்?

புருவமில்லாத
ஓரின்

*

அக்னெஸ் ப்ரூலே கப்பல், ஹூரன் ஏரி
ஆகஸ்ட் 14

ஓரினுக்கு,

உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகில் வந்தது. படகிலிருந்து தபால் வாளியைக் கயிற்றில் மேலே இழுத்தது சமையல்காரர் டெலன். உறையில் இரண்டு இடத்திலும் ஒரே குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, "என்ன ரெனி, உனக்கு ஒரு புருஷன் இருக்கானா? கையெழுத்து கோழி கிளறின மாதிரில்ல இருக்கு!" என்று ஊரையே கூட்டிவிட்டார். இவ்வளவு நாளாகக் கப்பலில் யாருக்கும் தெரியாது. இப்போது எல்லோருக்கும் தெரியும். மிக்க நன்றி.

காஸிமிர் எனக்கும் எழுதியிருந்தான். சந்தோஷம். லோர்னா அவனைச் சாப்பிட வைத்தே சமாளித்துவிடுவாள்.

உன் கேள்விக்குப் பதில்: நீ இதைச் செய்யாதே.

நான் வீட்டை விட்டு வந்தது உன்மேல் வெறுப்பினால் இல்லை என்று உனக்கே தெரியும். கதவில்லாத சமையலறை அலமாரி, பாதி ஓடு பதித்த குளியலறை, கொல்லையில் எலும்புக்கூடாக நிற்கும் அந்தப் படகு. உன் உற்சாகம் ஒவ்வொன்றாகத் தொடங்கிவைக்கும். நான் அவற்றின் நடுவில் நடந்து போகவேண்டும். ஓடு பாதியில் நின்றால் கால் இடறும். மின்சாரம் பாதியில் நின்றால் ஆள் போய்விடுவான். அண்டா நிறையத் தண்ணீர், ஈரத் தரை, ஈரக் கை, அதன் நடுவில் நீ.

எப்படியும் செய்யத்தான் போகிறாய். அதனால் கேள். உன் ஹீட்டர் முப்பது ஆம்பியர் வரை கேட்கும். பத்தாம் நம்பர் ஒயர், அதற்கு ஒரு நூல் குறைந்தாலும் கூடாது. சுவர் வரைக்கும் லைனை லைசென்ஸ் உள்ள ஆள் இழுக்கட்டும். அங்கிருந்து பேனலுக்கு வரும் வழியில், கசிவு இருந்தால் அந்த நொடியே விழுகிற பிரேக்கர். அது இல்லாமல் எதையும் தொடாதே. ஒயரை வெட்டுவதற்கு முன் முழுவதையும் காகிதத்தில் வரைந்து அனுப்பு.

ரெனாட்டா

*

சுப்பீரியர்
ஆகஸ்ட் 24

அன்புள்ள ரெனி,

வரைபடம் இதோடு இருக்கிறது. கோழி கிளறவில்லை, ஸ்கேல் வைத்து வரைந்தேன். மூன்றாவது தாள். முதல் இரண்டில் மின்சாரம் உள்ளே போகிறது, வெளியே வரவே இல்லை.

சுவர் வரைக்கும் லைன் போட லைசென்ஸ்காரர் வந்து போனார். நான் பெட்டியில் துளை போட்டேன். எஃகுத் தகடு என்ன சத்தம் போடுகிறது! பெட்டியைப் பிடித்துக்கொள்ள டால்பெர்க் அம்மா வந்தார், பாத்திரம் கழுவும் கையுறையும் காதில் பஞ்சுமாக. ஒரு துளை கோணலாகப் போய்விட்டது. "விடுங்க, அது மேல ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டிடலாம்" என்றார். ஒட்டவில்லை. தகட்டை மாற்றிவிட்டுத் திரும்பப் போட்டேன். ஆமாம், நான்தான். திரும்பப் போட்டேன்.

நேற்று காலை நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸில் கோடை முகாம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, இரும்புத் தாது ஏற்றும் துறையில் உன் கப்பல் நின்றது. பாலத்தின்மேல் கொஞ்சம் மெதுவாகப் போனேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தே காதைக் கிழித்துவிட்டான். நீ வரமாட்டாய் என்று தெரியும். சும்மா சொன்னேன்.

அன்புடன்
ஓரின்

*

அக்னெஸ் ப்ரூலே, ஈரி ஏரி
செப்டம்பர் 1

அன்புள்ள ஓரின்,

உன் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தது தப்பாகிவிட்டது. இப்போது கப்பலே இரண்டு கட்சி. தலைமை இன்ஜினியர் பூட்ரோ குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு, "காண்டாக்டர் எங்க? காண்டாக்டர் இல்லாம இது என்ன பேனல், ரொட்டி டப்பாவா?" என்று ஆரம்பித்தார். டெலனுக்கு மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் என்ன பியர், எவ்வளவு கசப்பு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்தக் கப்பலில் ஒரு சொட்டு மது ஏற்றக்கூடாது. அதனால் பேசியே குடிக்கிறார்கள்.

பூட்ரோ சொன்னது சரி. ஹீட்டரை அணைத்து ஏற்றும் அந்த ரிலே கெடும்போது அணைந்து கெடாது, எரிந்தபடியே கெடும். அப்போது மொத்தத்தையும் வெட்டிவிட அதற்கு முன்னால் காண்டாக்டர் என்கிற பெரிய சுவிட்ச் வேண்டும். ரிலே நன்றாகச் சூடாகும். பெட்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி அலுமினியத் தகட்டின்மேல் உட்கார வை. ஹீட்டர் சுவிட்ச் போட்டபடி இருந்தால் பேனல் உயிர்பெறவே கூடாது. அதற்கு எப்படி ஒயர் போடவேண்டும் என்று சிவப்பு மையில் வரைந்திருக்கிறேன். எர்த் இணைக்கும் பச்சை ஒயர் பெட்டிக்கும் வேண்டும், கதவுக்கும் வேண்டும், அண்டாவுக்கும் வேண்டும். கதவை எல்லோரும் மறப்பார்கள்.

அவசர பட்டனை எல்லோரும் வலது பக்கம் வைக்கச் சொல்வார்கள். நீ இடது பக்கம் வை. பயந்தால் உன் கை அங்கேதான் போகும்.

பாலத்தின்மேல் பஸ்ஸை மெதுவாக ஓட்டாதே. வேலை போய்விடும்.

ரெனாட்டா

*

சுப்பீரியர்
செப்டம்பர் 11

அன்புள்ள ரெனி,

சனிக்கிழமை வெறும் தண்ணீர் வைத்து முதல்முதலாகப் போட்டேன். டால்பெர்க் அம்மாவை வேலிக்கு அப்பால் நிறுத்திவிட்டு, ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு. பச்சை விளக்கு எரிந்தது. சிவப்பு எண்கள் ஏற ஆரம்பித்தன. தீ இல்லை, சீறல் இல்லை, ஒரு சின்ன முனகல் மட்டும். பிறகு அண்டா ஓரத்தில் குமிழ்கள். கொதித்தது ரெனி! நான் ஆடினேன். அந்த அம்மாவும் வேலிக்கு அந்தப் பக்கம் ஆடினார்.

அப்புறம் பம்ப்பைப் போட்டேன். டப். எல்லாம் அணைந்துபோயிற்று.

பிரேக்கரைத் தூக்கிவிட்டேன். ஹீட்டர் ஓடுகிறது. பம்ப்பைத் தொட்டால் டப். பம்ப்பைக் கழற்றி, வீட்டுச் சுவரில் சொருகிப் பார்த்தேன். அங்கே நன்றாக ஓடுகிறது. ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து மாட்டினேன். டப். பம்ப் இல்லாமல் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, வழியாகத் தண்ணீர் சுற்றாது. சுற்றாவிட்டால் பியர் இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் காய்ச்சாவிட்டால் கல்யாணத்துக்குள் பக்குவமாகாது.

கிளப்பில் ஹார்லன் என்று ஒருவன். "அந்தப் பிரேக்கர் ரொம்பப் பயந்தாங்கொள்ளிய்யா. அதைத் தூக்கிப் போட்டுட்டு சாதாரணதை மாட்டு. அஞ்சு நிமிஷ வேலை" என்கிறான். சாதாரண பிரேக்கரைக் கையிலேயே கொடுத்தும் விட்டான். அது மேசைமேல் இருக்கிறது. காஸிமிர் தினமும் போன் செய்து, "எப்படி இருக்கு மாப்ள?" என்கிறான். நான் "அருமை" என்கிறேன்.

உன்னைக் கேட்காமல் அதை மாட்ட மனம் வரவில்லை. சீக்கிரம் எழுது.

ஓரின்

*

அக்னெஸ் ப்ரூலே, டெட்ராய்ட் ஆறு
செப்டம்பர் 16

ஓரின்,

மாட்டாதே. தபால் படகு காத்துக்கொண்டிருக்கிறது, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

அந்தப் பிரேக்கர் போகிற மின்சாரத்தையும் திரும்பி வருகிறதையும் எண்ணிப் பார்க்கும். கணக்கு இடித்தால், யாரோ ஒருவர் உடம்பு வழியாக ஒழுகுகிறது என்று நினைத்து விழும். உன் ஹீட்டருக்கு நியூட்ரல் என்கிற வெள்ளை ஒயர் தேவையில்லை. பம்ப்புக்குத் தேவை. பேனலிலிருந்து வரும் வெள்ளை ஒயரை நீ பிரேக்கர் பெட்டிக்குள் இருக்கும் பொதுப்பட்டையில் மாட்டியிருப்பாய். அப்படியானால் போனது பிரேக்கர் வழியாக, வந்தது கொல்லை வழியாக. அந்த ஒயரைக் கழற்றிப் பிரேக்கரிலேயே இருக்கும் வெள்ளைத் திருகில் மாட்டு. பிரேக்கரிலிருந்து வால் மாதிரி நீளும் சுருள் ஒயர் மட்டும்தான் பட்டைக்குப் போகவேண்டும். மெயினை அணைத்துவிட்டுச் செய்.

ஹார்லன் கொடுத்ததைக் குப்பையில் போடு. நீ அதை மாட்டவில்லை என்ற வரியை நான் மறுபடி மறுபடி படித்தேன். படகுக்காரன் கத்துகிறான்.

ரெனி

*

சுப்பீரியர்
செப்டம்பர் 27

என் ரெனி,

பட்டையில்தான் மாட்டியிருந்தேன்! ஏரி நடுவில் இருந்துகொண்டு என் கராஜுக்குள் இருக்கும் ஒரு திருகை எப்படிப் பார்த்தாய்? மாற்றினேன். பம்ப் ஓடியது. பிரேக்கர் வாயே திறக்கவில்லை.

நேற்று காய்ச்சியாயிற்று. பேனலில் நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி பாரன்ஹீட் என்று வைத்தேன். ஆடாமல் அசையாமல் அங்கேயே நின்றது. முன்பெல்லாம் அடுப்பைக் கூட்டிக் குறைத்து நாய் மாதிரி ஓடுவேன். நேற்று நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆப்பிள் சாப்பிட்டேன். கராஜ் முழுக்கச் சுட்ட ரொட்டி வாசனை. லோர்னா வந்து முகர்ந்துவிட்டு, "என் கடையே இப்படி மணக்காது" என்றாள். பக்கத்தில் காஸிமிர் அசடு வழிந்தபடி நின்றான். இப்போது தொட்டிகள் இரண்டும் குமிழ்விடுகின்றன, மூடி சதா பேசிக்கொண்டே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கால்பந்து அணியைக் கூட்டிக்கொண்டு ஆஷ்லாண்ட் போகிறேன். சும்மா சொன்னேன். கல்யாணத்துக்கு வருவாயா? அண்ணன் கல்யாணம் என்று கேட்டால் கேப்டன் விடமாட்டாரா?

உன் ஓரின்

*

அக்னெஸ் ப்ரூலே, சுப்பீரியர் ஏரி
அக்டோபர் 4

அன்புள்ள ஓரின்,

வெள்ளிக்கிழமை நான் வந்தேன்.

தாது ஏற்ற நேரமாகும் என்றார்கள். நீ ஆஷ்லாண்டில் இருப்பாய் என்று தெரிந்துதான் வந்தேன். நீ பக்கத்தில் நின்றால் என்னால் ஒயரைப் பார்க்க முடியாது, உன்னைத்தான் பார்ப்பேன். டால்பெர்க் அம்மா கராஜைத் திறந்துவிட்டு, "சொல்ல மாட்டேன். ஆனா சொல்லணும்போல வாய் அரிக்குது, சீக்கிரம் நீயே சொல்லிடு" என்றார்.

மெயினை அணைத்துவிட்டுப் பேனல் கதவைத் திறந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன், ஓரின். மீட்டர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுத்தேன். ஒன்றுகூட அசையவில்லை. மூலை திரும்பும் இடத்தில் எல்லாம் சேர்ந்து திரும்புகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் உன் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு. கதவுக்கும் பச்சை ஒயர் போட்டிருக்கிறாய். கப்பலில் பூட்ரோவுடைய ஆட்களே அதை மறந்திருக்கிறார்கள். நான் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. டால்பெர்க் அம்மா வந்து, "என்னம்மா, ஷாக் அடிச்சுட்டுதா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஒரே ஒரு திருகைக் கால் சுற்று இறுக்கினேன். தேவையே இல்லை. எதையாவது செய்யாமல் போகக் கூடாது என்று தோன்றிற்று.

கேப்டன் லீவு கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் துறையில் இறங்குவேன். பழைய பச்சை கவுன் இன்னும் அலமாரியில் இருந்தால் எடுத்து வெயிலில் போடு.

ரெனி

*

அக்னெஸ் ப்ரூலே, மிஷிகன் ஏரி
அக்டோபர் 23

என் ஓரின்,

கால் இன்னும் வலிக்கிறது. இனி காஸிமிர் போல்கா ஆடும்போது அவன் எதிரே யாரும் நிற்கக் கூடாது என்று நகரசபை சட்டம் போடவேண்டும். பீப்பாய் காலியானதும் அவன் அதைக் கட்டிப்பிடித்து அழுதானே, அதை லோர்னா படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தப் பியரைப் பற்றி டெலனுக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நுரைய விட்டுட்டியே, நுரைய சொல்லு" என்றார்.

கப்பல் ஏணியில் ஏறும்போது கீழே நின்று நீ ஒன்று கேட்டாய். எந்திரச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று சைகை காட்டினேன். விழுந்தது. பூட்ரோ பக்கத்தில் நின்றார், அதனால் சொல்லவில்லை.

ஜனவரியில் ஏரி உறைந்ததும் சுப்பீரியரில்தான் கப்பலைக் கட்டிப்போடுகிறார்கள். என் பெட்டியை ஓட்டலுக்கு அனுப்பவேண்டாம், நம் வீட்டுக்கே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். வசந்தத்தில் கப்பல் கிளம்பும்போது நானும் கிளம்புவேன். அதில் மாற்றமில்லை, இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இனி துறைக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருவேன், நீ இருக்கும்போதே.

இன்னொரு விஷயம். பூட்ரோ தன் வீட்டுக்கும் ஒரு பேனல் வேண்டும் என்கிறார், உன்னுடையதைவிடப் பெரிதாக, மூன்று அண்டாவுக்கு. குளிர்காலத்தில் நாம் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன், திட்டிக்கொள். கராஜ் மேசையில் பாதி எனக்கு வேண்டும். எந்தப் பாதி என்று நீயே முடிவு செய்துவை. எப்படியும் நான் வந்து மாற்றச் சொல்வேன்.

உன்
ரெனி