இரண்டு சொக்கலிங்கம் இருந்த அறை

அன்புள்ள அப்பச்சிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லாததை முதலில் பெற்ற தகப்பன் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் காய்ச்சல், நேமத்தான்பட்டிப் பெரியப்பாவுக்குச் சர்க்கரை. பேச்சுத்துணைக்கு ஆகும் என்று ஒரே அறையில் கட்டில் கேட்டது நீங்கள்தான். மூத்த பேரனுக்கு ஐயா பெயரை வைக்கிற குடும்பம் நம்முடையது. அண்ணன் தம்பி மக்களான நீங்கள் இரண்டு பேருமே சொக்கலிங்கம். வீட்டில் அது வேடிக்கை. ஆஸ்பத்திரியில்?

நர்ஸ் செல்வி ஊசியோடு வந்தபோது நீங்கள் கண்ணயர்ந்திருந்தீர்கள். பெரியப்பா ஸ்கேன் எடுக்கப் போயிருந்தார். "சொக்கலிங்கம் ஐயா இவுகதானே?" என்று கேட்டாள். போனிலிருந்து தலையைத் தூக்காமல் ஆமாம் என்றவள் நான். அது பெரியப்பாவுக்குப் போடவேண்டிய இன்சுலின். கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் விடுகிறது என்று நிம்மதியாக நெற்றியைத் துடைத்துவிட்டேன். அப்புறம் நீங்கள் கண் திறக்கவே இல்லை.

செல்வியை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் போய் நின்றேன். அன்று அந்த மாடி முழுவதற்கும் அவள் ஒருத்திதான். "இந்தப் பிள்ளைய அனுப்பிட்டீகன்னா, நாளைக்கு வர்ற பிள்ளையும் இப்படித்தானே கேக்கும்? கேக்குற முறைய மாத்துங்க" என்றேன். அவள்மேல் கோபமே இல்லை என்றால் பொய். ஆனால் அவளைத் திட்டினால் என்னை என்ன செய்வது?

மாற்றிவிட்டார்கள். இப்போது நர்ஸ் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. நோயாளியே தன் பெயரையும், தகப்பன் அல்லது கணவன் பெயரையும் சொல்லவேண்டும். மணிக்கட்டுப் பட்டையோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் ஊசி. இத்தனை சின்ன வேலை, முன்னமே ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

நேற்று ஆத்தாவுக்குக் கண் ஆபரேஷன். வேறு இடம் பார்க்கலாம் என்றேன், கேட்கவில்லை. ஊசி போட வந்தது செல்வி. அவள் யார் என்று ஆத்தாவுக்குத் தெரியும்.

"பேரு?"

"மீனாட்சி."

"வீட்டுக்காரக பேரச் சொல்லுங்க ஆச்சி." கேட்டுவிட்டுச் செல்வி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

ஆத்தா உங்கள் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். நேற்று அவளே நிதானமாகச் சொன்னாள், "சொக்கலிங்கம்." பிறகு கையை நீட்டினாள். "பட்டையில சரியா இருக்கான்னு பாத்துக்க. அழுகாம போடுத்தா."

என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை. ஆத்தாவுக்குக் கண்கட்டைப் பிரித்ததும், அன்று ஆமாம் என்றது நான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இது சத்தியம், அப்பச்சி.

உங்கள் மகள்,
மெய்யம்மை