படத்தில் இல்லாத புத்தகம்

மார்ச் 10

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கின்றன. சுழி போட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை. நேற்றுக் காலையில் ஆரம்பித்தேன். இந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் உன் அம்மா, "என்னங்க, கல்வெட்டா வெட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால், "அப்புறம் கூப்பிடறேன்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா?

நல்ல சேதி முதலில். சனிக்கிழமை உன் பத்திரிகையை நானே படித்தேன். யாரோ சாப்பிட்டுவிட்டு மேசையில் போட்டுப் போன தாள். எடுத்து மடக்கப் போனால் முதல் பக்கத்தில் நான்! கடை வாசல் படியில், தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். துடைக்கிற துணியைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். "எல்லாரும் வாங்க, நான் பேப்பர்ல வந்திருக்கேன். நானே படிப்பேன், யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது" என்றேன்.

கோழி பொரிக்கிறவள், நாங்கள் எண்ணெய் அக்கா என்று கூப்பிடுகிறவள், கரண்டியோடு வந்தாள். "படிங்க வாத்தியாரே, கோழி கருகுறதுக்குள்ள படிங்க." மாலை வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து கடையில் எனக்கு அந்தப் பெயர்தான். நீ கடைக்கு வந்த அன்றைக்கே உன்னிடம் சொல்லிச் சிரித்தேனே.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். "கூலி உயர்வு: கோழிக் கடைக்குப் பூட்டு, முதியவர் நடுத்தெருவில்." அந்த "நடுத்தெருவில்" என்ற சொல்லைப் படித்து முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

எந்தக் கடைக்குப் பூட்டு? நான் அந்தக் கடைக்குள் நின்றுகொண்டுதான் அதை மூடிவிட்டார்கள் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே வரிசை தெருமுனை வரை நிற்கிறது!

உனக்குத் தெரியாததா? மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் எண்ணெய்த் தொட்டிகளை வடித்து, சோப்புத்தூள் போட்டுக் கொதிக்க வைத்துக் கழுவுவோம். தரையும் கழுவ வேண்டும் என்பதால் நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துவிடுவோம். தொட்டி கொதிக்கிற நேரம் எனக்கு வேலை இல்லை, படியில் உட்கார்ந்து பாடப் புத்தகம் படிப்பேன். நீ ஊருக்குப் போகிற வழியில் வந்தாய். "தலையைத் தூக்காதீங்கப்பா, அப்படியே படிங்க" என்று படம் எடுத்தாய். அந்தப் படம்தான். புத்தகத்தை வெட்டிவிட்டார்கள். மடியில் ஒன்றுமில்லை. குனிந்த தலை மட்டும் இருக்கிறது. பின்னால் கவிழ்ந்த நாற்காலிகள். இழவு வீடு மாதிரி.

உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தை வெட்டிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். "கீழே என்னங்க போட்டிருக்கு?" என்றாள். "நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்றேன். படிக்கத் தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம் பொய் சொன்னது.

கெட்ட சேதி இனிமேல்தான். மேனேஜர் அதே பத்திரிகைத் தாள் ஒன்றை வாங்கி, நாங்கள் வேலைக்கு வரும்போது வருகை பதிய விரல் வைக்கிற இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறார். அடுத்த மாதம் அரசாங்கம் சொன்ன புதுக் கூலி வர வேண்டும். "பாத்தீங்களா, கூலி கேட்டா இதான் கதி" என்கிறார்.

உன் அலுவலகத்தில் யாரோ உன் படத்தைத் திருடி இப்படிச் செய்திருக்கிறான். அவன் காதைப் பிடித்துத் திருகு. பொடி எழுத்தில் இன்னும் நிறைய இருக்கிறது. மெதுவாகப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் அப்பா

*

மார்ச் 14

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் அழுதுவிட்டேன். அப்பாவின் கையெழுத்தை நான் இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. வங்கியில் கூட நீங்கள் கட்டைவிரல்தானே வைப்பீர்கள். இதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

படம் விஷயத்தில் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். பத்திரிகை என்றால் ஒரு செய்தி பல கைகள் மாறும். படம் ஒருவர் கொடுப்பார், தலைப்பு இன்னொருவர் வைப்பார், அவசரத்தில் அச்சுக்குப் போய்விடும். யாரென்று தேடினால் கிடைக்காது. மறுநாள் அது பழைய பேப்பர். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதோடு, அப்பா, பொதுவாகப் பார்த்தால் கூலி ஏறும்போது கடைகளுக்கு நெருக்கடி வரத்தானே செய்யும்? உங்கள் கடை இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒரு கடை.

முட்டி வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்காதீர்கள். அம்மாவை மாத்திரை போடச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

*

மார்ச் 19

மகளுக்கு,

தைலம் வந்தது. முட்டிக்குத் தேவலை.

கூலி ஏறினால் ஊரில் கடைகள் மூடுமா, மூடாதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பேசட்டும். என் கடை மூடவில்லை என்பது எனக்குத் தெரியும். வேறு ஏதோ ஒரு கடை என்றால் அந்தக் கடையின் படத்தைப் போட வேண்டியதுதானே? அந்தக் கிழவனைத் தேடிப் பிடித்துக் குனிய வைக்க வேண்டியதுதானே?

பழைய பேப்பர் என்கிறாய். இங்கே அது பழசாகவே மாட்டேன் என்கிறது. முதலாளி ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தார். பழைய கூலியே போதும், நாங்களாக விரும்பிச் சொல்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் கடை நிலைக்காதாம். "நான் சொல்லலப்பா, பேப்பரே சொல்லுது" என்று சுவரைக் காட்டினார். சுவரில் நான் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லாவில் நிற்கிற பெண் முதல் ஆளாகப் போட்டாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறவள். நான் தடுத்தேன். "தாத்தா, உங்க படத்தப் பாத்துத்தான் எனக்குப் பயமே வந்துச்சு" என்றாள். எண்ணெய் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வாத்தியாரே, உண்மையைச் சொல்லுங்க. போஸ் கொடுத்ததுக்கு என்ன கெடச்சுது? எங்களுக்கும் ஒரு பங்கு உண்டா?" இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வெந்தவள் கேட்கிறாள்.

பொடி எழுத்தையும் படித்து முடித்துவிட்டேன். தினம் ஒரு பத்தி. கடைசிப் பத்தியில் இப்படி இருக்கிறது: "வாத்தியார் என்று எல்லோராலும் அன்போடு அழைக்கப்படும் அந்த முதியவர், இனி எங்கே போவது என்று தெரியாமல் மௌனமாக அமர்ந்திருந்தார்."

அந்தப் பெயர் இந்த அடுப்படியைத் தாண்டிப் போனதில்லை. அம்மாவுக்குக் கூடச் சொல்லவில்லை, கேலி செய்வாள் என்று. படியில் உட்கார்ந்து ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. எழுதியது நீயா?

அப்பா

*

மார்ச் 24

அப்பா,

நான்தான்.

அன்றைக்குப் பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, கூலி உயர்வால் மூடிய கடை ஒன்று சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். பகல் முழுக்க விசாரித்தேன். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொன்னால் அடுத்த முறை என்னைக் கூப்பிட மாட்டார்கள். போனைத் திறந்தால் முதலில் உங்கள் படம்தான் இருந்தது. நாற்காலிகள் கவிழ்ந்திருந்தன. புத்தகத்தை வெட்டியதும் நான்தான்.

கடையின் பெயரைப் போடவில்லை, உங்கள் பெயரைப் போடவில்லை, அதனால் யாருக்கும் கெடுதல் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைப் படிப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை, அப்பா. பாடப் புத்தகத்தில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தீர்கள். பேப்பர் படிக்க இன்னும் ரொம்ப நாள் ஆகும் என்று நினைத்தேன்.

இப்போது திருத்தம் போடச் சொன்னால் வேலை போய்விடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியது நான் என்று மட்டும் கடையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அம்மாவிடமும் வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 3

மகளுக்கு,

உன் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் ஒரே மூச்சில் படித்தேன். எங்கேயும் தட்டுப்படவில்லை. வகுப்பு டீச்சர் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார். அப்படி ஒரு கடிதம் படித்துத்தானா எனக்கு அந்தச் சரளம் வர வேண்டும்?

சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். அடுப்படியில் எல்லார் முன்னாலும், "எழுதினது என் பொண்ணு" என்றேன். பிறகு எண்ணெய் அக்கா, "ஏன் வாத்தியாரே, அவளுக்கு வேற அப்பன் கெடைக்கலையா?" என்றாள். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். வெங்காயம் நறுக்குகிற இடம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் விலைப்பலகைக்கு எழுதுகிற தடித்த பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். சுவரில் உன் செய்திக்குக் கீழே எழுதினேன். "இது நான். எனக்கு வேலை இருக்கிறது. கடை மூடவில்லை. அன்று எண்ணெய்த் தொட்டி கழுவினோம். நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்." எழுத்து கோணல்மாணலாக மேலே ஏறிக்கொண்டே போய்விட்டது. பரவாயில்லை, எல்லாருக்கும் புரிந்தது. கல்லாப் பெண் நேராக முதலாளி அறைக்குப் போய், "அந்தத் தாளைக் கொடுங்க, என் பேரை அடிக்கணும்" என்று கேட்டாள். மற்றவர்கள் யாரும் அதில் கையெழுத்துப் போடவில்லை.

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பெரியவரே, படிக்கத் தெரிஞ்சா படிச்சுட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு எழுதறீங்க?" கடைச் சுவரை அசிங்கப்படுத்தினேனாம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நேற்றுப் போய்த் தெருவுக்கு எதிரே நின்று பார்த்தேன். கடை திறந்திருக்கிறது. வரிசை நிற்கிறது. முதல் தேதியிலிருந்து புதுக் கூலிதான். எண்ணெய் அக்கா கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு மட்டும்தான் வேலை இல்லை.

ஆக, உன் செய்தி உண்மையாகிவிட்டது கண்ணு. முதியவருக்கு வேலை போனது என்று எழுதினாய், போய்விட்டது. அதைத் திருத்த வேண்டாம். காரணத்தை மட்டும் திருத்து. கூலி ஏறியதால் போகவில்லை. ஒரு பொய்க்குக் கீழே என் கையால் உண்மையை எழுதினேன், அதனால் போனது. இனி எங்கே போவது என்று தெரியாமல் நான் மௌனமாக உட்கார்ந்திருக்கவும் இல்லை. அதையும் திருத்து.

வேலை போகுமே என்று பயப்படுகிறாய். பயம் எனக்குப் புரியாதா? அந்தக் கல்லாப் பெண்ணுக்கும் அதே பயம்தான். உன் பயத்தை அவள் தலையில் இறக்கி வைத்தாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. என்னை நீ என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், பெற்றவன் பொறுத்துக்கொள்வான். அப்பா படிக்க மாட்டார் என்று நினைத்து எழுதினாய் பார், அது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. படிக்காதவனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றா உன்னைப் படிக்க வைத்தேன்?

அம்மாவுக்கும் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். உன் கடிதத்தையும்தான். அவள் எழுந்து போனாள். கத்தரிக்கோலை எடுத்து, பிரிட்ஜில் ஒட்டிய படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை மட்டும் வெட்டி எறிந்தாள். "படம் என் பொண்ணு எடுத்தது, அது இருக்கட்டும்" என்றாள். இப்போது என்னை மாலை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாள். அடுத்த தடவை உங்களை நம்பி உட்கார மாட்டேன் என்கிறாள்.

மாத்திரை போடுகிறாள். முட்டி வலி எனக்குக் குறைந்திருக்கிறது, ஈரத் தரை இல்லையல்லவா? நீயும் வேளைக்குச் சாப்பிடு. கோபம் வேறு, சாப்பாடு வேறு.

அடுத்த வாரமும் எழுதுவேன். கை பழகிவிட்டது, நேரம் இருக்கிறது, சொல்ல வேண்டியதும் தீரவில்லை. உறையின் மேல் உன் விலாசம் எழுதுவதா, உன் பத்திரிகை ஆசிரியர் விலாசம் எழுதுவதா என்பதை மட்டும், பத்திரிகையில் திருத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். தினமும் வாங்குகிறேன். பொடி எழுத்து வரை படிக்கிறேன்.

வாத்தியார் என்று எல்லோராலும் அன்போடு அழைக்கப்படும்
உன் அப்பா