ஆளுக்கொரு சோற்றுப் பொதி

7.2.1931, சனி

வென்றோம். எனக்கு நாற்பத்திரண்டு ஓட்டம், ஐந்து விக்கெட். வேகமாக ஓடி வந்து உள்ளங்கையிலிருந்து மெல்ல நழுவவிடும் என் பந்தில் இன்றும் மூன்று பேர் ஏமாந்தார்கள். ஆனால் வலது தோள் செத்துப் போயிற்று. சட்டையைக் கழற்ற முடியவில்லை. இனிமேல் தம்பிஐயாவின் வேகப்பந்தை நம்பித்தான் இந்த அணி.

மத்தியானம் பெரிய கரைச்சல். சாதியைச் சொல்லி, தம்பிஐயாவுக்கு மட்டும் வெளியே இலை போடச் சொன்னார் கழகச் செயலாளர் ஆழ்வாப்பிள்ளை. கப்டன் நான் ஒரு யுக்தி கண்டுபிடித்தேன். பந்தியே வேண்டாம், ஆளுக்கொரு சோற்றுப் பொதி, விரும்பிய இடத்தில் இருந்து சாப்பிடுங்கள். கப்டனின் மூளையே மூளை என்றார்கள்.

8.2.1931

தம்பிஐயா எங்கே இருந்து சாப்பிட்டான் என்று கேட்டாள் மனைவி அருமைநாயகி. வேலிக்கரையில், தனியாக. ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை — நானும்தான்.

19.2.1931

நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசியும் தோள் கேட்கவில்லை. அலுத்துப் போச்சு எல்லாம்.

21.2.1931

தம்பிஐயா இரண்டு சனியாகப் பயிற்சிக்கு வரவில்லை. அரியாலையில் அவன் வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தேன். இனி வரமாட்டானாம். உனக்காகத்தானே அந்த யுக்தி என்று சினந்தேன். அவன் குரலை உயர்த்தவில்லை.

"வெளியிலை இலை போட்டிருந்தால் ஆர் போட்டதெண்டு தெரிஞ்சிருக்கும், கப்டன். நீங்கள் ஆரிலையும் பிழையில்லாமல் என்னை வெளியிலை இருத்திப் போட்டியள்."

உவனுக்கு வாய் கூடிப் போச்சு என்று வழி முழுக்கப் புறுபுறுத்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது கோபம் இல்லை. வெட்கமாக இருந்தது. அவன் சொன்னதில் என்ன பிழை?

28.2.1931

கழகக் கூட்டம். அடுத்த ஆட்டத்தில் பதினொரு பேருக்கும் ஒரே பந்தி, இல்லையென்றால் நான் கப்டன் இல்லை என்றேன். என் பக்கம் கை உயர்த்தியவர் ஒருவருமில்லை. வேறு ஆளைப் பார்ப்போம் என்றார் ஆழ்வாப்பிள்ளை, கொஞ்சமும் கோபமில்லாமல். பதினாறு வருசம். ஐந்து நிமிசத்தில் முடிந்தது.

14.3.1931, சனி

தம்பிஐயா அரியாலையில் ஓர் அணி சேர்க்கிறான், பதினொரு பேருக்கு ஆள் காணாது என்று கேள்விப்பட்டுப் போனேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இதுதான் சொன்னான்:

"இஞ்சை கப்டன் நான். ஓமெண்டால் நில்லுங்கோ."

ஓம் என்றேன். எல்லைக்கோட்டில், நல்ல வெயிலில் நிறுத்தினான். பின்னேரம் வரை நின்றேன். கால் கடுத்தது. போகும்போது, அடுத்த சனியும் வரட்டோ என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றான்.