வேட்டைக் கறியில் ஒரு பங்கு

சித்திரபானு, மார்கழி 9

குடிசை ஒழுகுகிறது. கீழே பேளுக்குறிச்சியில் இருந்திருந்தால் மட்டும்? காடு காய்ந்தது, பர்மா அரிசியும் நின்றது, நானும் என் ஊட்டுக்காரரும் மலையேறிவிட்டோம். மலைமேல் குண்டனி நாட்டு ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் விடுவார்களா? ஓடையோரம் நாலு கழி நட்டோம், ஆச்சு. தங்கச்சி ஆத்தாயியையும் கூட்டி வந்திருக்கலாம். அவள் மாமியார் ஊட்டில் கஞ்சியாவது ஊற்றுவார்கள் என்று விட்டுவிட்டு வந்தேன்.

மார்கழி 22

மிளகு பறிக்கிற மலைக்காரன் செங்கோடன் வழிமறித்தான். "ஏனுங்க அம்மிணி, நாங்க ரெண்டு படி சாமை கூலி வாங்கிட்டிருந்தோமுங்க. நீங்க வந்து ஒரு படிக்கு எறங்கிட்டீங்க. இப்ப எங்களுக்கும் ஒரு படிதானாம். எம்புள்ளைங்க மண்ணத் திங்கறதா?"

"போய்த் தோட்டக்கார மாதேஸ்வரனக் கேளு! பசிக்கறவகிட்ட என்ன ஞாயம்?" என்று கத்திவிட்டேன். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சல்.

தை 1

குடிசையை எரித்துவிட்டார்கள். பட்டப்பகலில், பொங்கல் பொங்கும்போது. பானையைச் செங்கோடன் எட்டி உதைத்தான். என் ஊட்டுக்காரர் முதுகில் தடி விழுந்து, சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டது. நான் ஒருத்தன் கையைக் கடித்தேன், ரத்தம் வரும்வரை விடவில்லை. நல்லா வேணும் அவனுக்கு.

தை 4

மறுபடியும் கட்டியாச்சு. போவோமா நாங்கள்?

மாசி 11

செங்கோடன் பெண்டாட்டி பெருமாயி, அவனுக்குத் தெரியாமல் அடுப்பு மூட்ட நெருப்புத் துண்டு கொண்டுவந்தாள். "பங்குனியில நாட்டு வேட்டை, கண்ணு. எந்த அடுப்புக்குக் கறிப் பங்கு வருதோ, அது நாட்டு அடுப்பு. அப்பறம் ஒருத்தனும் தொட மாட்டான். உழுது வெதைக்கக் காடும் ஒதுக்குவாங்க. ஆனா கேட்காம ஏறி வந்தவங்கள ஊட்டுல சேத்தினா, அந்தப் பங்கு போயிரும்."

பங்கு வாங்க அவரும் வேட்டைக்குப் போகிறாராம். முதுகுப் புண் இன்னும் ஆறவில்லை. போகட்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

பங்குனி 14

அவருக்கு ஈட்டி தரவில்லை. பன்றி எந்தப் பள்ளத்து வழியாக வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே வெறுங்கையோடு நிறுத்தியிருக்கிறார்கள். தொடையிலிருந்து வயிறு வரை கிழித்துவிட்டது. கட்டிலில் தூக்கி வந்தார்கள். செங்கோடனை அறைந்தேன். வாங்கிக்கொண்டு நின்றான், பாவி.

பங்குனி 15

போயிட்டாரு. தண்ணி கேட்டாரு, குடுக்கறதுக்குள்ள போயிட்டாரு. ஐயோ, நானல்லவா போகச் சொன்னேன்!

பங்குனி 16

தேக்கிலையில் கறி வந்தது. செங்கோடனே கொண்டுவந்து அடுப்பு முன்னால் வைத்தான். "மொதப் பங்குங்க. உசுரு குடுத்த அடுப்பு. இனி நீங்க நம்ம நாட்டுக்காரங்க."

மூஞ்சியில் எறியத்தான் கை எழுந்தது. எறிந்தால்? இந்தக் குடிசையும் போகும், அவர் செத்ததும் வீண். சாவு ஊட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. மூட்டினேன், தின்றேன், வெளியே போய் வாந்தியெடுத்தேன்.

சுபானு, ஆடி 20

ஒதுக்கிக் கொடுத்த காட்டில் சாமை முளைத்திருக்கிறது. என் காடு. எழுதிப் பார்க்கவே நல்லா இருக்கு.

மார்கழி 5

ரெண்டு படிக்கு ஏறின கூலி மறுபடியும் ஒரு படியாம்! ஓடையோரம் கீழ்நாட்டு ஆட்கள் புதிதாக வந்து, அரைப்படிக்குப் பறிக்கிறார்களாம். மாதேஸ்வரன் பல்லைக் காட்டுகிறான். வயிறு எரிகிறது. புருஷனைக் கொடுத்து வாங்கின எடம், இவங்க சும்மா வந்து குந்திக்குவாங்களா?

செங்கோடன் கேட்டான், "வர்றீங்களா அம்மிணி?"

வராம?

மார்கழி 7

நானும் தடி எடுத்தேன். முதல் குடிசைப் பானையை நான்தான் உதைத்தேன். கூரை பற்றியதும் உள்ளேயிருந்து ஒருத்தி இருமிக்கொண்டு ஓடி வந்தாள், தலைமுடியெல்லாம் சாம்பல். யாரோ ஓங்கிய தடி அவள் தோளில் விழுந்தது. நிமிர்ந்தாள்.

ஆத்தாயி.

"அக்கா! உன்னத் தேடித்தானக்கா வந்தோம்!"

எல்லார் கையும் நின்றது. "உங்க சொந்தமுங்களா?" என்றான் செங்கோடன். பெருமாயி என்னையே பார்த்தாள்.

"இல்லீங்க" என்றேன்.

பங்குனி 18

கூலி பழையபடி ரெண்டு படி. ஓடையோரத்தில் குடிசைகள் எரிந்த இடத்தில் புல் முளைத்துவிட்டது.

இன்றைக்குப் பங்கு வந்தது. ஈரலும் வைத்திருந்தார்கள். ஆத்தாயிக்கு ஈரல் என்றால் உசுரு.