பழவேற்காட்டில் மூன்று வார லீவு

14-5-1956, திங்கள்

பொன்னேரியில் பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம். பழவேற்காட்டில் இறங்கும்போது வெயில் உச்சியில் நின்றது. பீவி ஜான் என்ற அம்மாளின் வீட்டுப் பின்கட்டில் இரண்டு அறைகள் எங்களுக்கு, மூன்று வாரத்துக்கு. நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறதாம். தட்டு நிறைய இனிப்பு கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் முகம்கூடக் கழுவவில்லை. அதற்குள் கோலை எடுத்துத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். இவர் கம்பெனித் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன மூங்கில் கோல், நூல் சுற்றிய இரும்புச் சுருள் ஒன்று, தகர டப்பி நிறைய இறகு. புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். தூண்டில் முள்ளில் இறகைக் கட்டி உப்புத் தண்ணீரில் வீச வேண்டும், அதை இரை என்று மீன் நம்ப வேண்டும். வித்தை அவ்வளவுதான்.

எனக்கு இங்கே என்ன வேலை? பள்ளிக்கூடம் லீவு. "வர்றியா ஞானம்?" என்றார். வந்துவிட்டேன்.

15-5-1956

என் பெட்டியின் அடியில், புடவைகளுக்குக் கீழே ஒரு கடிதம் இருக்கிறது. மதுரைக்கும் அப்பால் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை வேலை, விடுதிப் பொறுப்போடு. அங்கேயே தங்க வேண்டும், குடும்பத்தோடு இருக்க இடமில்லை. சம்மதம் என்றால் மே 31-க்குள் பதிலைத் தபாலில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அவரிடம் சொல்லவில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டுமே! எட்டு மாதமாக உப்பு, சலவைக்காரன், ரயில் நேரம் — இவ்வளவுதான் பேசுகிறோம்.

16-5-1956

எழுதிவிடுகிறேன். எழுதினால் ஏதாவது ஆகிறதா பார்க்கலாம்.

போன செப்டம்பர் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மகள் சுகிர்தத்துக்கு நாலு வயது. காலையில் காய்ச்சல். துரை மீன் பிடிக்கப் போகும் நாட்களில் இவர்தான் பை தூக்க வேண்டும். போகட்டுமா என்று கேட்டார். வெறும் காய்ச்சல்தான், போய்வாருங்கள் என்றேன். அது தொண்டை அடைப்பான். மத்தியானம் மூன்று மணிக்கு முடிந்துவிட்டது. என் தம்பி திருவள்ளூரிலிருந்து அலைந்து வந்து இவரைக் கண்டுபிடித்தபோது விளக்கு வைக்கும் நேரம். இந்த ஊர்தான். ஏரி கடலில் சேரும் இதே முகத்துவாரம்தான். இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாராம்.

இத்தனை ஊர் இருக்க, லீவுக்கு இங்கே வரத் தோன்றுகிறதே ஒரு மனிதருக்கு!

எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

18-5-1956, வெள்ளி

குப்புராஜ் என்ற மீனவர் இவரைத் தன் படகில் முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போகிறார். துரையோடு இவர் வந்த நாட்களிலிருந்தே பழக்கம். இன்று இவர் வீசிய தூண்டில் பின்பக்கமாகப் போய் இவர் சட்டை முதுகிலேயே மாட்டிக்கொண்டதாம். குப்புராஜ் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"டீச்சரம்மா, நானும் இருபத்தஞ்சி வருசமா இந்த ஏரில கெடக்கறேன். சட்டய புடிச்ச ஆள இன்னிக்குதான் பாத்தேன்."

அவரும் சிரித்தார். அவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. எரிச்சலாக வந்தது.

இங்கே நினைத்த இடத்தில் நினைத்தவர் இறங்க முடியாது. வலை போடும் இடங்களைக் குப்பத்தார் தை மாதம் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். முகத்துவாரம் ஒரு நாள் ஒரு கூட்டத்துக்கு. அதற்குப் பாடு என்று பெயர். குப்புராஜ் கூட்டத்தின் பாடு அன்று மட்டும் இவர் போகலாம். கோலும் வலை மாதிரிதானாம். இவர் பாடு நாட்களைக் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறார். ஸ்டோர் கிளார்க் அல்லவா!

20-5-1956

ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை.

22-5-1956

பீவி ஜான் இன்று கோபித்துக்கொண்டார். இந்த ஊர்க் கிணறு எல்லாம் உப்பு. நல்ல தண்ணீர் அரை மைல் தூரத்திலிருந்து தலையில் வர வேண்டும். இவர் அந்தக் குடத்தைச் சாய்த்துத் தூண்டில் சுருளைக் கழுவிக்கொண்டிருந்தார். உப்பு ஏறினால் துருப்பிடிக்குமாம்.

"இன்னா ஐயா இது பேஜாரு! மன்ஷனுக்கே தண்ணி இல்ல. இரும்பக் குளிப்பாட்டுறீங்க?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு குடத்துக்கு ஆள் சொன்னேன். மனைவி என்ற வேலையை இன்னும் சரியாகச் செய்கிறேன்.

பீவி ஜான் கோபம் தணிந்து சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாளை வியாழன் பிறந்ததும் ஒரு வேலை தொடங்க வேண்டும் என்றார். நாளைதானே புதன் என்றேன். "வெளக்கு வெச்சா மறுநாள் டீச்சரம்மா. எங்களுக்கும் அப்டிதான், குப்பத்துக்காரங்களுக்கும் அப்டிதான்." நாளைச் சாயங்காலம் வியாழன் பிறந்துவிடும் என்று கணக்கு. சரி என்றேன்.

24-5-1956

ஒரு சிறிய மடவை. முதல் மீன். இலையில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். கையில் செதில் ஒட்டியிருந்தது. நல்லது என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

27-5-1956, ஞாயிறு

நேற்று குப்புராஜின் பாடு. சாயங்காலம் வலையைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் படகேறியிருக்கிறார்கள். குப்புராஜ் கூப்பிட்டிருக்கிறார். இவர் ஏறவில்லை. இதோ இதோ என்றிருக்கிறார். குப்பத்தில் விளக்கு ஏற்றியாயிற்று. நாள் மாறிவிட்டது. பாடு வேறு கூட்டத்துக்கு. அவர்கள் வலையோடு வந்து சேரும்போது இவர் தண்ணீரில் நின்று ஒரு பெரிய கொடுவா மீனோடு மல்லாடிக்கொண்டிருக்கிறார். மீன் கூட்டம் கலைந்துவிட்டது என்று ஒரே கூச்சல்.

மீனையும் கோலையும் பிடுங்கிக்கொண்டார்கள். நாளைக் காலை பஞ்சாயத்து. இவர் குப்புராஜின் விருந்தாளி, ஆகையால் பழி குப்புராஜுக்கு.

கொடுவா என் இடுப்பு உயரம் இருந்ததாம். அவர் சொல்லவில்லை. பீவி ஜான் சொன்னார்.

28-5-1956, திங்கள்

வலைக் கொட்டகையில் நாற்பது பேர் இருக்கும். தலைவர் முறையைச் சொன்னார்: "தப்பு பண்ணவன் வாயத் தொறக்கக் கூடாது. அவன் ஊட்டு மன்ஷாதான் பேசணும். யாரு இருக்கறது?"

எழுந்து நின்றேன். வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னேன். "எங்களுக்கு நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்குதாங்க மாறும். இவரு ஆபீஸ் கிளார்க். காலண்டர்ல சனிக்கிழமன்னு இருந்தா முழு சனிக்கிழமயும் குப்புராஜ் பாடுன்னு நெனச்சிட்டாரு. தெரியாம பண்ண தப்பு."

சிலர் சிரித்தார்கள். தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளியூர்க்காரர், போகட்டும் என்றார். பிறகு ஒன்று சொன்னார்.

"தை மாச சீட்டு வரிக்கும் இவரு இந்த ஏரில கோலு போடக் கூடாது. அதுக்கு ஊட்டு மன்ஷா வாக்கு குடுக்கணும். அதுவரிக்கும் இவரு ஒன் பொறுப்பு. குடுக்கறியாம்மா?"

சரி என்று ஒரு வார்த்தை. வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பியிருக்கலாம். நான் சொன்னேன்:

"முடியாதுங்க. ஜூன்லருந்து நான் இவரோட இருக்க மாட்டேன்."

பொய் வாக்குக் கொடுக்க மனம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. வாய் சொல்லிவிட்டது. அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தார். பேசக்கூடாது என்பது முறை, அதனால் பேசவில்லை. இவருக்காகவே செய்த முறை! எட்டு மாதமாக அதைத்தானே கடைப்பிடிக்கிறார்.

கடைசியில் குப்புராஜ் எழுந்து, "நான் நிக்கறேன் இவருக்கு" என்றார். வேறு வீட்டு ஆள் பொறுப்பேற்றால் தன் அடுத்த பாட்டை விட்டுவிட வேண்டுமாம். வியாழக்கிழமைப் பாடு போயிற்று.

வெளியே வரும்போது குப்புராஜின் மனைவி கங்கம்மா வழியில் நின்றாள். திட்டவில்லை. "சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க பாடு பொழச்சிருக்கும் டீச்சரம்மா" என்றாள்.

29-5-1956

நேற்று ராத்திரி பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இன்று காலை காபியை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"லெட்டரு எப்ப வந்தது?"

"ஏப்ரல்ல."

"பதில் போட்டுட்டியா?"

"இல்ல. வியாழக்கிழம வரிக்கும் நாளிருக்குது."

தலையை ஆட்டினார். காபி ஆறிக்கொண்டிருந்தது. பிறகு வேறு எதையோ சொல்வது போலச் சொன்னார். "நேத்து நீ சொன்னது தப்பு, ஞானம். வெளக்கு வெச்சா நாள் மாறும்னு எனக்குத் தெரியும். குப்புராஜ் மொத நாளே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சா ஏன் ஏறி வரல?"

நான் எழுந்திருக்கப் போனேன்.

"அங்க நின்னுக்கினு இருக்கற வரிக்கும் கொழந்த ஊட்ல இருக்குது. காய்ச்சலோட படுத்துக்கினு இருக்குது. நீ கஞ்சி குடுத்துக்கினு இருக்க. கரையிலருந்து யாராச்சும் வந்து கூப்ட்டாதான்..." நிறுத்திவிட்டார். "அன்னிக்கி கூப்ட்ட ஒடனே ஏறி வந்துட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பாட்டிலில் முக்கால்வாசி இருந்தது.

இத்தனை நாளும் இவருக்கு ஒன்றுமே இல்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். கோலையும் இறகையும் பார்த்துப் பார்த்து மனதுக்குள் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன். மீனா பிடித்தார் அவர்?

30-5-1956

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

இருக்கிறது. வெறும் காய்ச்சல்தான், போய்வாருங்கள் என்று அனுப்பியவள் நான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

31-5-1956, வியாழன்

சம்மதக் கடிதத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டி, தபால் ஆபீஸ் வரை நடந்தேன். வாசலில் நின்றேன். உள்ளே ஒருவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். பெரிய யோசனை ஒன்றும் செய்யவில்லை. கால் திரும்பிற்று. கெடு இன்றோடு முடிகிறது.

நாலு மணிக்கு அவர் சட்டையை மாட்டினார். எங்கே என்றேன்.

"சும்மா. கோலு இல்ல. நின்னுட்டு வர்றேன்."

"நானும் வர்றேன்."

குப்புராஜ் கூட்டிப்போனார். அவர் விட்டுக்கொடுத்த நாள் இது, அதனால் படகில் வலை இல்லை. கங்கம்மாவிடம் பேசினேன், அவள் இன்னும் முகம் கொடுக்கவில்லை என்று குப்புராஜிடம் சொன்னேன். "சரியாப் பூடும்" என்றார். முகத்துவாரத்தை நான் பார்ப்பது இதுவே முதல் தடவை. இதில் பார்க்க ஒன்றுமே இல்லை. மணல் திட்டு, தண்ணீர், அந்தப் பக்கம் கடல்.

அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். இரண்டு கையும் சும்மா தொங்கின. நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். குப்புராஜ் படகில் முதுகைக் காட்டிக்கொண்டு பீடி பிடித்தார். பொழுது இறங்கியது. தூரத்தில் குப்பத்தில் ஒரு விளக்கு வைத்தார்கள். பிறகு இன்னொன்று.

அவர் அசையவில்லை.

புடவையைத் தூக்கிக்கூடச் செருகாமல் தண்ணீரில் இறங்கினேன். பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.

"சுகிர்தம் போயிட்டா. மூணு மணிக்கே போயிட்டா. வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வெறும் காய்ச்சல்தான்னு சொன்னியே?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவர் திரும்பினார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். படகில் ஒரு காலை வைத்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இன்னொரு அழுகைச் சத்தமும் கேட்டது. அது நான்தான் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குப்புராஜ் பீடியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, படகைத் தள்ளாமல் காத்திருந்தார்.