வலைக்குள் புகுந்த கருவண்டு

மயிலம்

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது, இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம், மஸ்கட்டில் நீயும் மருமகனும் பேத்தியும் முழுசாகச் சௌக்கியமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் சொன்னால் உன் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டு, இந்த வயசில் பூத்தோட்ட வேலை எதுக்கு என்று ஆரம்பிப்பாள், அதனால் கடிதம். அந்த வேலையே போகப் பார்த்ததடி.

நாங்கள் வலைக்கூடாரத்தில் வளர்க்கிற ஆர்கிட் பூ கல்யாண மேடைக்குப் போகிறது, வாரக்கணக்கில் வாடாது. போன வாரம் என் வரிசையில் புதிதாக மலர்ந்ததெல்லாம் தலை தொங்கிவிட்டது. சூப்பர்வைசர் கோதண்டபாணி, ஆயா உன் கை சூடு, தொட்டுத் தொட்டுக் கருக்கிக்கினு இருக்க, சனிக்கிழமையோட நின்னுக்கோ என்றான். யார் சொல்வது பார். சின்ன வயசில் என் மல்லாட்டையைத் திருடித் தின்றுவிட்டு நாய் தின்னுடுச்சி என்றவன். எந்த நாயடி கடலைத் தோலை உரித்துத் தின்னும்? நான் மறப்பேனா?

முதலாளி ராயப்பன் வந்து பார்த்து, கை சூடு இல்லம்மா, வண்டு வேலை என்றார். வண்டு பூவுக்குள் நுழைந்தால் முதுகில் மஞ்சள் மகரந்த உருண்டை ஒட்டிக்கொள்ளுமாம், அடுத்த பூவில் நுழையும்போது அந்த உருண்டை அங்கே இருக்கிற பசையில் சிக்கிக்கொள்ளுமாம். அப்புறம் பூவுக்குச் சிங்காரம் எதற்கு, காய் பிடிக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு இதழைச் சுருட்டிவிடும். அதற்குத்தான் வலையே. இதில் வண்டுக்குச் சொட்டுத் தேன் கிடையாதாம், உன் பெரியப்பா வீட்டு விருந்து மாதிரி, பந்தல் பெரிசு, இலையில் ஒன்றும் இருக்காது.

வலைக்குள் வண்டு எப்படி வந்தது என்று முதலாளி கேட்டதற்கு, ஆயா சேலையில ஒட்டிக்கினு வந்திருக்கும் சார் என்கிறான் கோதண்டபாணி. எனக்கா தெரியாது? உள்ளே போன் மணி அடிக்கும், பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்கும், அதனால் பின்பக்க வலையைத் தூக்கித் தலையை வெளியே நீட்டித்தான் பேசுவான். நான் சொன்னால் யார் நம்புவார்கள். தேங்காய் நார் மூட்டைக்குப் பின்னால் போய் நின்று அவனுக்கு ஒரு போன் போட்டேன். இத்தனை நாள் வேலை செய்கிறேன், என் நம்பரைக் கூடப் பதிந்து வைக்காதவன், ஹலோ யாருங்க, சரியா கேக்கல, இருங்க வெளிய வர்றேன் என்று பழக்க தோஷத்தில் முதலாளி கண்ணெதிரே வலையைத் தூக்கினான். காத்திருந்த மாதிரி ஒரு கருவண்டு அவன் காதோரமாக உள்ளே போனது.

என் வேலை தப்பியது. இப்போது அவனுக்கு வாசலில் துண்டை வீசி வண்டு விரட்டுகிற வேலையும் சேர்ந்திருக்கிறது. யார் போனாலும் வந்தாலும் எழுந்து திறந்து உடனே மூட வேண்டும். தண்ணீர்ப் பானை வெளியேதான் இருக்கிறது, எனக்கு என்னவோ அடிக்கடி தாகம் எடுக்கிறதடி.

நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, கேப்பை மாவு அனுப்பியிருக்கிறேன், கூழ் காய்ச்சிக் குடி. தீர்க்காயுசாக இருங்கள்.

ஆசீர்வாதத்துடன்
அம்மா பூமாலை