பூட்டின பெட்டியைப் பற்றிக் கேட்ட அண்ணனுக்கு

இன்னைக்குக் காலையில கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை ஒண்ணைத் தேய்க்கையில, சூட்டுக்குக் கிளம்பின வாசனையில உங்க நெனப்பு வந்துருச்சு அண்ணே. நாலு எழுத்து படிச்சவ நான். பிழை இருந்தாப் பொறுத்துக்கோங்க. இனிமே நீங்க வந்து திட்டவா போறீங்க.

என் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்துல உங்க பஞ்சர் கடை. எப்பவும் கிரீஸ் சட்டைதான். "உங்க சட்டையத் தேய்க்க இந்தப் பெட்டி பத்தாது, ரோடு ரோலர்தான் வேணும்"னு சொன்னா, "வாய மூடிக்கிட்டு கரியப் போடு கழுத"ன்னு முறைப்பீங்க.

அப்புறம்தான் வடக்கே கோயில் பாக்கப் போன உங்க தங்கச்சி, படகு கவுந்து செத்துப்போச்சு. நாடே துக்கத்துல இருந்துச்சு. படம் பிடிக்க எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சதுதான் காரணம்னு அரசாங்கம் சொல்லுச்சு. கூடப் போயிப் பொழச்சு வந்த நிலக்கோட்டைப் பூக்காரம்மா உங்ககிட்ட வேற ஒண்ணும் சொன்னாங்க. தண்ணியில மிதக்கிறதுக்குப் போடுற சட்டையெல்லாம் ஒரு பெட்டிக்குள்ள இருந்துச்சாம், பெட்டி பூட்டிக் கிடந்துச்சாம். சாஞ்சது நெசமாவே இருக்கட்டும், பெட்டியப் பூட்டினது ஏன்? நீங்க கேட்டது அம்புட்டுத்தான்.

டிவிக்காரங்க மதுரைக்குக் கூப்பிட்டாங்க. அன்னைக்கு ஒரு வெள்ளைச் சட்டையோட வந்து நின்னீங்க. "என்ன, மாப்பிள்ளைக் கோலமா?"ன்னேன். நீங்க சிரிக்கலை. "அவளுக்காகப் பேசப் போறேன். அழுக்கோட போனா அவளுக்குத்தான் அசிங்கம்"னீங்க. மடிப்பு கத்தி மாதிரி நிக்கத் தேய்ச்சுக் குடுத்தேன்.

எதிர் டீக்கடையில எல்லாரும் கூடிப் பாத்தோம். நீங்க பெட்டின்னு ஆரம்பிச்சதுமே நிகழ்ச்சி நடத்துற தம்பி, "திண்டுக்கல்காரர் இல்லையா, எதைப் பாத்தாலும் பூட்டாவே தெரியுது"ன்னார். சுத்தி உக்காந்திருந்தவங்க சிரிச்சாங்க. கோட்டு போட்ட ஒருத்தர், "துக்கத்துல இருக்கிறவர் இப்படி மடிப்புக் கலையாம வருவாரா? இவருக்குப் பின்னாடி யார் இருக்காங்க?"ன்னு கேட்டார். கீழே 'கேள்வியா, வதந்தியா?'ன்னு எழுத்து ஓடுச்சு. படகு விட்டவங்களை அன்னைக்கு யாரும் கூப்பிட்டு உக்கார வைக்கலை.

மறுநாள் பழைய கிரீஸ் சட்டையோட கடையத் தொறந்தீங்க. "பின்னாடி யாருன்னு கேட்டாகளே, இஸ்திரிக்காரின்னு சொல்லியிருக்கலாம்ல?"ன்னேன். அப்பத்தான் சிரிச்சீங்க. "என்னைய நம்ப வேணாம்மா. அந்தப் பெட்டியப் போயிப் பாத்தாப் போதும்"னீங்க. யாரும் போயிப் பாத்ததாத் தெரியலை. போன ஐப்பசியில நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தீங்க, எந்திரிக்கலை.

இப்ப உங்க கேள்வி என்கிட்ட இருக்கு. ஆபீசர் வீட்டுத் துணி வந்தா, மடிச்சுக் குடுக்கையில கேட்டுப்புடுறேன்: "சார், அந்தப் படகுல பெட்டிய ஏன் பூட்டி வச்சிருந்தாங்க?" பாதிப் பேரு சிரிச்சுக்கிட்டே போயிருவாங்க. போன வாரம் ஒருத்தர் மட்டும் கிளப்பின வண்டிய நிறுத்திட்டு, "செத்துப்போனது உங்களுக்கு யாரும்மா?"ன்னு கேட்டார்.

என் தங்கச்சின்னு சொல்லிட்டேன் அண்ணே.